அசதி, சோம்பல் இல்லைங்க!

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் கடன் நிலுவை பற்றிப் பேசினோம். இன்னைக்குச் சாப்பாடு பற்றிப் பேசப் போறோம். "தினமும் சமைக்கிற எங்களுக்கே சாப்பாட்டைப் பற்றிப் பாடமா?" என்று பின்வரிசையில் சிரிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்லை. ஆனா முதலில் நாங்க செய்த ஒரு தப்பைச் சொல்லிடுறோம்.

எங்க குழுவில் ஒரு உறுப்பினர். சேமிப்பு ஒரு மாசம் கூடத் தவறாதவர். அவருக்கு மார்பகத்தில் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ மருந்து ஏற்றினாங்க. அந்தச் சமயத்தில் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு அவர் வரலை. நாங்க என்ன செய்தோம்? விதிப்படி அபராதம் போட்டோம்! தீர்மான நோட்டில் எழுதியும் வைத்தோம். நாலாவது கூட்டத்துக்கு வந்தவர் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். அபராதத்தைக் கட்டினார், ஒரு வார்த்தை பேசலை. "பார்க்க நல்லாத்தானே இருக்கா, சோம்பல் வந்துடுச்சு" என்று எங்களில் ஒருத்தர் சொன்னோம். அது அவர் காதிலும் விழுந்தது.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். மணி இரண்டு இருக்கும். மாமியார், வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்டாச்சு. இவர் கடைசியில் சட்டியில் மிச்சமிருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். முட்டை இல்லை, மீன் இல்லை, பால் இல்லை. "பத்தியம்" என்றாங்க. டாக்டர் சொன்ன பத்தியமா என்றால், இல்லை. ஊரில் யாரோ சொன்னது. ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தோம், ஹீமோகுளோபின் 8 தான் இருந்தது. ரத்த அளவு குறைந்ததால் அடுத்த மருந்தே ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தது. எங்களுக்குத் தலை குனிஞ்சு போச்சு.

இது என்ன மாதிரி அசதி?

நாற்று நட்டுவிட்டு வந்தாலும் நமக்கு அசதி வரும். ராத்திரி தூங்கி எழுந்தா போயிடும். புற்றுநோய் சிகிச்சையில் வருகிற அசதி அப்படி இல்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் போகாது. தலை வாரினா மூச்சு வாங்கும். அடுப்பு முன்னாடி நின்றா கால் துவளும். சொல்ல வந்தது மறந்து போகும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அதிகமாக வருகிற தொந்தரவே இதுதான். பொதுவா கீமோ ஏற்றிய முதல் சில நாட்கள் இது மோசமா இருக்கும். அப்புறம் கொஞ்சம் தேறும், மறுபடி மருந்து ஏற்றினா மறுபடி இறங்கும். கரண்ட் வைக்கிறது என்று நாம சொல்கிற கதிர் சிகிச்சையில், வாரம் ஏற ஏற அசதியும் கூடும். சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம் நிற்கலாம்.

இதுக்குக் காரணம் ஒன்று இரண்டு இல்லை. மருந்து ஒரு காரணம். ரத்தக் குறைவு ஒன்று. குமட்டல், வாய்ப்புண், நாக்கில் ருசி தெரியாமை இதனாலெல்லாம் சாப்பாடு குறைவது ஒன்று. வலி, தூக்கம் வராமை, பயம், கவலை, சிலருக்குத் தைராய்டு கோளாறு. ஆகவே அசதி என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லணும். "இது எல்லாருக்கும் வருவதுதானே" என்று மறைக்கக் கூடாது. இத்தனை காரணத்தில் சாப்பாடு ஒன்றுதான். ஆனா நம்ம கையில், நம்ம அடுப்படியில் இருக்கிற காரணம் அது.

நம்ம பெண்கள் நோய் வருவதற்கு முன்னாடியே இளைத்துத்தான் இருக்கோம். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! சேமிப்பே இல்லாத கணக்கில் பெரிய செலவு வந்தா என்ன ஆகும்? நமக்குத் தெரியாத கணக்கா இது?

என்ன சாப்பிடணும்?

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒருத்தர் இருப்பாங்க. எங்க உறுப்பினரோடு போய் அவங்களைப் பார்த்தோம். கேட்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்றோம்.

முதலாவது, புரதம். உடம்பில் பழுதானதைக் கட்டித் தருகிற கொத்தனார் அதுதான். சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சாதாரண நாளை விடக் கூடுதலாக வேணும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 75 கிராம் வரை. கிராம் கணக்கு என்றதும் மலைக்க வேண்டாம். நம்ம வீட்டுப் பொருளிலேயே கூட்டிப் பார்ப்போம்:

அரிசி 200 கிராம் (நாள் முழுக்க) – 15 கிராம் புரதம்
துவரை அல்லது பாசிப்பருப்பு 40 கிராம் – 9
முட்டை இரண்டு – 12
பால் அல்லது தயிர் இரண்டு டம்ளர் (400 மில்லி) – 12
வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) – 7
கொண்டைக்கடலைச் சுண்டல் (30 கிராம் கடலை ஊற வைத்தது) – 6

மொத்தம் 61 கிராம் வந்துடுச்சு. மத்தி, நெத்திலி கிடைக்கிற நாளில் இன்னும் கூடும். முட்டை, மீன் சாப்பிடாதவங்க பருப்பு, பயறு, பனீர், மீல்மேக்கர் சேர்த்துக்கலாம். விலை அதிகமான சத்து பவுடர் டப்பா வாங்கித்தான் ஆகணும் என்று எல்லாருக்கும் இல்லை. டாக்டர் சொன்னா மட்டும் வாங்குங்க. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவங்க அளவைக் கேட்டுக்கிட்டுச் சாப்பிடணும்.

இரண்டாவது, கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை. தட்டு நிறையச் சோற்றைப் பார்த்தாலே அவங்களுக்குக் குமட்டும். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்க. இட்லியோடு ஒரு முட்டை. பதினோரு மணிக்குக் கேழ்வரகுக் கூழ் அல்லது சத்துமாவுக் கஞ்சி. மத்தியானம் பருப்புச் சோறு, கீரை. நாலு மணிக்குச் சுண்டல். ராத்திரி தோசை, சாம்பார். படுக்கும் முன் பால். உடம்பு தெம்பாக இருக்கிற நேரத்தில் நல்ல சாப்பாட்டைக் கொடுத்துடணும். பலருக்கு அது காலை நேரம்.

மூன்றாவது, ரத்தம். முருங்கைக்கீரை, சிறுகீரை, பயறு, ஈரல், சுவரொட்டி. கீரை, பயறோடு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்புச்சத்து நல்லா உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது சேராமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இரும்புச்சத்து மாத்திரையைக் கடையில் தானா வாங்கிப் போடக் கூடாது. கீமோவால் வருகிற ரத்தக் குறைவு எல்லாமே இரும்புக் குறைவு இல்லை. என்ன காரணம் என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

நாலாவது, தண்ணீர். உடம்பில் நீர் வற்றினாலும் அசதி வரும். டாக்டர் அளவு வைக்காதவங்க எட்டு முதல் பத்து டம்ளர் வரை, மோர், இளநீர், கஞ்சித்தண்ணி எல்லாம் சேர்த்துக் குடிக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து நிறையக் குடிச்சா வயிறு ரொம்பிடும். இடைவேளையில் குடிப்பது நல்லது.

குமட்டல் இருந்தா ஆறின சாப்பாடு கொடுங்க, சூட்டில் எழும்புகிற வாசனைதான் பிரட்டும். தாளிக்கிற இடத்தில் அவங்களை நிற்க வைக்காதீங்க. வாய்ப்புண் இருந்தா காரம், புளி வேண்டாம். குழைந்த தயிர்சாதம், பருப்பு மசியல், ஆறின கஞ்சி போதும்.

சுத்தம் ரொம்ப முக்கியம்

கீமோ ஏற்றி ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போ சின்னக் கிருமி கூடப் பெரிய ஆபத்து. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கணும். அன்னன்னைக்குச் சமைத்ததைச் சாப்பிடணும். முட்டையை முழுசா வேக வைக்கணும், ஆஃப்பாயில் வேண்டாம். ரோட்டோரச் சட்னி, வெட்டி வைத்த பழம் வேண்டாம். பழைய சோறு நமக்கு நல்லதுதான், ஆனா இந்த நாட்களில் அவங்களுக்கு வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா, மூச்சுத் திணறினா, நெஞ்சு வலித்தா, ரத்தம் கசிந்தா, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட உள்ளே நிற்கலைன்னா, காலை வரை காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. 108க்குப் போன் பண்ணுங்க.

"யாரோ சொன்னாங்க"

"சாப்பாட்டைக் குறைத்தா கட்டியும் பட்டினி கிடக்கும்" என்று சொல்றாங்க. பட்டினி கிடப்பது நம்ம சகோதரிதான், கட்டி இல்லை. "முள் சீத்தா சாப்பிட்டாலே போதும், கீமோ வேண்டாம்" என்று சொல்றாங்க. அதை நம்பிச் சிகிச்சையை விட்டா உயிருக்கே ஆபத்து. கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீங்க, சில மூலிகைகள் மருந்தோடு மோதும். சோயாவுக்குப் பயப்படுறாங்க. வீட்டுச் சமையலில் அளவோடு சேர்த்தால் பயமில்லை.

இன்னொரு விஷயம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இளைப்பவங்களும் உண்டு, எடை கூடுறவங்களும் உண்டு. எடை கூடுறவங்களுக்கு "தெம்பு வரட்டும்" என்று சர்க்கரைப் பானமும் பலகாரமும் திணித்தால் எடைதான் ஏறும், தெம்பு வராது. மாதம் ஒரு தடவை எடை பார்த்து எழுதி வைப்பது நல்லது.

சாப்பாட்டோடு நடையும் வேணும். "நடக்க முடியாதவளை நடக்கச் சொல்றீங்களே" என்பீங்க. ஆனா இந்த அசதியைக் குறைக்க நல்லா நிரூபணமான வழிகளில் ஒன்று, அளவான நடைதான். டாக்டரைக் கேட்டுக்கிட்டு, வாசலிலிருந்து கோயில் வரை பத்து நிமிஷம் ஆரம்பிக்கலாம். முடியாத நாளில் பாதி தூரம்.

தெம்புக்கும் ஒரு பாஸ்புக்

எங்க உறுப்பினருக்கு ஒரு நோட்டுப் போட்டோம். தினமும் காலையில் கேட்போம், "இன்னைக்குத் தெம்பு எத்தனை அணா?" நாலணா என்றால் குளியலும் சாப்பாடும் மட்டும். எட்டணா என்றால் கொஞ்சம் நடை. பன்னிரண்டணா என்றால் உட்கார்ந்தபடி காய் நறுக்கலாம். கையில் இருப்பதுக்குள்ளேதானே செலவு செய்யணும்! அந்த நோட்டை டாக்டரிடம் காட்டினார். எந்த நாளில் இறங்குது, என்ன சாப்பிட்டப்போ தேறுச்சு என்று அதிலேயே தெரிந்தது.

முட்டை, பருப்பு, பால் எல்லாம் திரும்ப வந்தது. மாமியாரையும் ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் பக்கத்திலிருந்து வந்த வார்த்தை என்றதும் அவரே கீரை ஆய ஆரம்பித்தார். அசதி முழுசாப் போயிடுச்சு என்று பொய் சொல்ல மாட்டோம். நாலணா எட்டணா ஆச்சு. சில நாள் பன்னிரண்டணா. மீதி மருந்துகள் தள்ளிப் போகாமல் நாள் தவறாமல் ஏற்றினாங்க. அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

நாம என்ன செய்யலாம்?

இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான். நம்ம கூட்டமைப்பிலும் இன்னும் சிலர் இருப்பாங்க, வெளியே சொல்லாமல். ஆகவே ஐந்து தீர்மானங்களை உங்க முன்னாடி வைக்கிறோம்.

1. சிகிச்சையில் இருக்கும் உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் கிடையாது. ஏற்கனவே வாங்கியிருந்தா திருப்பிக் கொடுக்கணும். எங்க குழு திருப்பிக் கொடுத்துவிட்டது, மன்னிப்பும் கேட்டோம்.

2. மருந்து ஏற்றிய முதல் மூன்று நாட்கள், முறை வைத்து ஒரு வீட்டிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, சுத்தமாகச் சமைத்து, மூடி எடுத்துப் போகணும். தண்ணீர்க் குடத்தையும் நாமே தூக்கித் தரணும். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் அவங்க தூக்குவது சிரமம்.

3. ஆஸ்பத்திரிக்குக் கூட ஒருத்தர் போகணும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடமிருக்கு, அட்டை இல்லாதவங்களுக்கு எடுத்துக் கொடுக்க உதவணும்.

4. பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்கடன் கேட்டா முதல் வரிசை அவங்களுக்கு. தவணையைத் தள்ளி வைக்கவும் குழு பேசி முடிவு செய்யணும்.

5. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் ஆரம்பித்ததிலிருந்து நம்ம குழுப் பெண்களே வீடு வீடாகப் போறாங்க. மார்பில் கட்டியோ, காம்பில் கசிவோ, தோலில் சுருக்கமோ தெரிந்தா வெட்கப்படாமல் உடனே காட்டச் சொல்லி அவங்களும் நாமும் எடுத்துச் சொல்லணும்.

இந்த ஐந்தோடு, தீர்மான நோட்டில் எழுத முடியாத ஒன்று இருக்கு. நம்ம வீடுகளில் பெண் கடைசியாச் சாப்பிடுறா. நமக்கு அம்மா கற்றுக் கொடுத்தது, அவங்களுக்கு அவங்க அம்மா. சிகிச்சையில் இருக்கிற வீட்டில் அந்த வரிசையை மாற்றணும். அடுப்பிலிருந்து இறக்கினதும் முதல் தட்டு அவளுக்கு. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பேசிக்கிட்டே சாப்பிட வைக்கணும். இதுக்குப் பணம் தேவையில்லை, மனசு போதும்.

தீர்மானங்களுக்குச் சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க. கை தூக்கியவங்க இன்னைக்கு வீட்டுக்குப் போய், நீங்களும் சூட்டோடு சாப்பிடுங்க.