களைக்கு மருந்து வைக்கோலே

(வன்னிக் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



சோளச் செய்கையைப் பற்றிப் பேச எழுவோர் விதையைப் பற்றிப் பேசுகின்றனர். உரத்தைப் பற்றிப் பேசுகின்றனர். இவ்விரண்டையும் உண்டு கொழுக்கும் களையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இன்று நான் பேசப்போவது அதனைப் பற்றியே.

சோளம் முளைத்த இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரையுள்ள காலமே அதன் விளைச்சலைத் தீர்மானிக்கும் காலம். அப்பொழுது களைக்கு இடங்கொடுத்தவன், பின்னர் எத்தனை கூலியாட்களை இறக்கினாலும் இழந்ததை மீட்க முடியாது. காலபோகத்திலே அந்த வாரங்கள் எப்பொழுது வருகின்றன? வடகீழ்ப் பருவமழை விடாது பொழியும் நாட்களிலேதான்! மண்வெட்டி பிடிக்க நிலம் இடங்கொடாது. கொத்திப் போட்ட புல்லோ ஈரத்திலே மீண்டும் வேரூன்றி எழுகின்றது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். காட்டை வெட்டிச் சேனை செய்தவர்கள், ஓரிரு போகத்தின் பின் அந்நிலத்தை விட்டுப் பெயர்ந்தனர். மண்ணின் வளம் குன்றியது ஒரு காரணம். களை மலிந்தது மற்றொரு காரணம். இன்றோ பெயர்ந்து செல்லக் காடுமில்லை, காத்திருக்கக் காலமுமில்லை. ஆகவே களைநாசினியை நம்பினோம். அந்த நம்பிக்கை என்னவாயிற்று? 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 மே மாதத்திலே இரசாயன உரமும் கிருமிநாசினியும் களைநாசினியும் இறக்குமதி செய்யலாகாதென்றனர். நவம்பரிலே அக்கட்டளையைத் திரும்பப் பெற்றனர். 2022இல் கிளைபோசேற் தடை நீங்கியது. அவ்வாண்டிலேயே ரூபாயின் மதிப்புச் சரிந்து விலை ஏறியது. கொழும்பிலே ஒரு வர்த்தமானி மாறுந்தோறும் வன்னிக் கமக்காரன் தன் செய்கைமுறையை மாற்ற வேண்டுமாயின், அவனைத் தன் நிலத்துக்கு உரியவன் என்று எவ்வாறு சொல்வது?

இயற்கை விவசாயம் செய்யுங்கள் என்று கட்டளையிட்டவர்கள், களைக்கு என்ன வழி என்று சொல்லவில்லை. கட்டளையால் களை சாவதில்லை. ஆனால், வழி நம் வயலிலேயே கிடக்கின்றது. அதற்கு ஆண்டுதோறும் நாமே தீ மூட்டுகின்றோம்!

அறுவடை இயந்திரம் சென்ற வயலைப் பாருங்கள். நெல் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வைக்கோல் அங்கே விழுகின்றது. ஏக்கருக்கு 2 தொன் நெல் எடுத்தவன் வயலில் ஏறத்தாழ 2 தொன் வைக்கோல் உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்த வைக்கோலிலேதான் தங்கியிருக்கின்றது. எரித்தால் நைதரசன் புகையாய்ப் போகின்றது. எஞ்சிய சாம்பலைக் காற்றும் மழையும் கொண்டு போகின்றன.

அந்த வைக்கோலையே சோள வரிசைகளுக்கிடையிற் பரப்பினால் என்ன நிகழும்? வெளிச்சம் நிலத்தில் விழாது. சிறு விதைக் களைகள் முளையா. முளைத்தாலும் மேலெழ வலுவின்றி மடியும். ஈரம் காக்கப்படும். மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்காது. இதனை மூடுபடை என்பர்.

இது புதுமையன்று. ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியியலாளர், 1950களிலே சிறு உழவு இயந்திரத்தை உருவாக்கிப் புகழ்பெற்றவர். அவரே பின்னர், அடிக்கடி உழுவது நம் வெப்பநாட்டு மண்ணுக்குக் கேடு என்ற முடிவுக்கு வந்தார். 1970களில் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலே உழாமல் விதைக்கும் முறைகளில் உழைத்தார். தாயகம் திரும்பிய பின், சீமைக்கிளுவை வரிசைகளுக்கிடையே பயிரிட்டு, அதன் இலைகுழையால் நிலத்தை மூடும் முறையைப் பரப்பினார். உழவு இயந்திரம் செய்தவரே உழவைக் குறைக்கச் சொன்னாரெனில், நாம் செவிசாய்க்க வேண்டாமா?

இனிச் செய்முறை. மூடுபடை வளர்ந்த களையைக் கொல்லாது. ஆகையால் விதைத்த இரண்டாம் வாரத்தில் ஒருமுறை கையாற் களையெடுங்கள். உடனே வரிசைகளுக்கிடையே மூன்று நான்கு அங்குலக் கனத்துக்கு வைக்கோலைப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். ஏக்கருக்கு 2 தொன் பரப்பினால் களை குறையும். நன்கு அடக்க 4 தொன் வேண்டும். இரண்டு ஏக்கர் வயலின் வைக்கோல் ஓர் ஏக்கர் சோளத்துக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாசியிற் கிடைக்கும் வைக்கோலை ஐப்பசி வரை மேட்டுநிலத்திலே போராகக் குவித்துக் காக்க வேண்டும். சிறுபோகத்தில் வயலிலேயே சோளமிடுவோருக்கு அந்தச் சிரமமுமில்லை.

குறைகளையும் மறையாது சொல்லுகின்றேன். கோரை கிழங்கிலிருந்து எழுவது. வைக்கோலைத் துளைத்துக்கொண்டு வரும். அதனைத் தோண்டியே எடுக்க வேண்டும். பச்சை வைக்கோலை மண்ணோடு கலந்து உழுதால், அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். ஆகவே மேலே மட்டும் பரப்புங்கள். அதன்மேல் சீமைக்கிளுவைக் குழையும் போடுங்கள். கறையான் வரும், கவனித்திருங்கள். பாதீனியம் இந்நாட்டில் முதன்முதல் இனங்காணப்பட்டது நம் வவுனியாவிலேதான் என்பதை மறவாதீர்கள். அது பூத்து நின்ற நிலத்துச் சருகை ஒருபோதும் கொண்டுவராதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தடை ஒன்றுண்டு. அது மாடு! அறுவடை முடிந்ததும் வயல் முழுவதும் மாட்டுக்குப் பொதுவாகின்றது. மாடு வளர்ப்பவனும் நம்மவனே. வைக்கோல் அவன் மாட்டுக்கும் உணவே. ஆகையாற் பகைமையால் இது தீராது, ஒப்பந்தத்தாலேயே தீரும். குளத்து நீர் திறக்கும் நாளையும், மாடு கட்டும் நாளையும் போகக் கூட்டத்திலே கூடித் தீர்மானிக்கின்றோமல்லவா? அதே கூட்டத்தில், வைக்கோலில் இத்தனை பங்கு மாட்டுக்கு, இத்தனை பங்கு நிலத்துக்கு, ஒரு பிடியும் நெருப்புக்கில்லை என்று ஒரு தீர்மானம் சேர்த்துக்கொள்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

உத்தியோகத்தர்களுக்கும் அறிவியல்நகர் விவசாய பீடத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கமக்காரனின் காணியிலேயே சோதனைப் பாத்தி இடுங்கள். மூடிய பாத்திக்கு எத்தனை நாட் கூலி, மூடாத பாத்திக்கு எத்தனை நாட் கூலி என்று எண்ணிக் காட்டுங்கள். அந்தக் கணக்கு ஆயிரம் பிரசுரங்களிலும் மேலானது.

கமக்காரர்களே! முழு நிலத்திலும் இறங்க வேண்டியதில்லை. வரும் போகத்தில் கால் ஏக்கர் போதும். அதற்கு வேண்டியது ஒரு தொன் வைக்கோல். அரை ஏக்கர் வயலில் நீங்கள் எரிப்பது அவ்வளவுதான். எரிக்கும் கையை ஓராண்டு நிறுத்திப் பாருங்கள். மிகுதியை உங்கள் நிலமே சொல்லும்.