தராசு எதை நிறுக்கிறது?

பேசின் பிரிட்ஜ் தோழர்களே!

மத்திய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் உயர்கல்வித் தரவரிசைப் பட்டியலைக் கண்டு களிப்போர் உண்டு, கலங்குவோரும் உண்டு. அந்தத் தராசு எதை நிறுக்கிறது என்று கேட்போர்தாம் சிலர்!

பல்கலைக்கழகத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி முதலான பலன்களுக்கு 20, புகழுக்கு 10. ஆம், புகழுக்கு! பெரிய மனிதர் நாலுபேர் நல்லபடியாகச் சொன்னால் அதற்கும் மதிப்பெண்! எல்லோரையும் அரவணைக்கும் பண்புக்கும் அதே 10தான். அதிலும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கு 3. ஏழை எளிய, ஒடுக்கப்பட்ட மாணவருக்கோ 2! ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் மகன் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகிறானே, அவன் கடந்துவந்த தொலைவை அளக்க அந்த முழக்கோலில் கோடே இல்லை.

பட்டியலைக் கிழித்தெறிவோமா? வேண்டாம். கல்லூரிகளின் பட்டியலில் கற்பித்தலுக்கு 40. ஆசிரியர்–மாணவர் விகிதம் அதில்தான் அடங்கும். நிரந்தர ஆசிரியர் இடங்களை நிரப்பினால் மதிப்பெண்ணும் ஏறும், மாணவனும் ஏறுவான். விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினால் ஏறுவது அச்சகத்தாரின் வருமானம்!

2024இல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கெனத் தனிப்பட்டியல் வந்தபோது முதலிடம் கொண்டது நம் அண்ணா பல்கலைக்கழகம். மகிழ்ச்சிதான். ஆனால், இங்கிருந்து ரயிலில் அடுத்த நிலையம் வியாசர்பாடி ஜீவா. அந்த வியாசர்பாடியில் அண்ணல் அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், காலியிடம் எத்தனை? கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோம்.