ஆனையும் அங்குசமும்



சென்ற சிறுபோக அறுவடை முடிந்த கையோடு என் தமக்கையின் மகன் என்னைக் காண வந்தான். இரணைமடுக் குளத்தின் கீழே ஐந்து ஏக்கர் வயல் செய்பவன் அவன். தன் வயலை உழுவதோடு ஊராரின் வயல்களையும் கூலிக்கு உழுது குடும்பத்தைக் காப்பவன். இதுவரை இருசக்கர இயந்திரத்தோடு மாரடித்தவன், இப்பொழுது 45 குதிரை வலுவுடைய நான்கு சக்கர உழவு இயந்திரம் ஒன்றைப் புதிதாக வாங்கத் துணிந்துவிட்டான். முற்பணத்துக்கு மனைவியின் நகைகள் அடகுக்குப் போக இருந்தன. மிகுதிக்கு நான்கு ஆண்டுத் தவணை.

"மாமா, இயந்திரம் தீர்மானமாகிவிட்டது. பின்புறத்தில் எண்ணெய் வாய்கள் இரண்டு சோடி பொருத்தட்டுமா என்று கடையில் கேட்கிறார்கள். பொருத்தவா, விடவா? ஆனை வாங்குகிறவர் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்கிறார் விற்பனையாளர்" என்றான்.

பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் ஓர் ஆனைக்கு எத்தனை அங்குசம் வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அதை நாமே கணக்கிட வேண்டும். புதிய இயந்திரம் வாங்க எண்ணும் கமக்காரர் பலருக்கும் இக்கேள்வி எழுவதுண்டு. ஆதலால் அன்று மருமகனோடு பேசியவற்றை இன்று உங்களோடும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், எண்ணெய் வாய் என்று நாம் குறிப்பிடுவது யாது? உழவு இயந்திரத்தின் பின்னே கலப்பையைத் தூக்கும் இரு கரங்களையும், மேலே உள்ள ஒற்றைக் கரத்தையும் எல்லோரும் கண்டிருப்பீர்கள். முற்காலத்தில் கலப்பையை வண்டிபோலப் பின்னே கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுநர்மீதே கவிழ்ந்துவிடும். அயர்லாந்திலே டவுண் மாவட்டத்திற் பிறந்த ஹரி பேர்கசன் என்பவர், மூன்று கரங்களாற் கலப்பையை இயந்திரத்தோடு ஒன்றாகப் பிணைத்து, அதனை எண்ணெய் அமுக்கத்தால் ஏற்றி இறக்கும் முறைக்கு 1926 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அவர் பெயரால் உருவாக்கப்பட்ட சாம்பல் நிறச் சிறு இயந்திரம், பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாக விற்பனையாயிற்று. இன்று நம் வயல்களில் ஓடும் இயந்திரங்களின் தூக்கு கரங்கள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

அக்கரங்களைத் தூக்கும் எண்ணெய் இயந்திரத்தின் உள்ளேயே சுற்றி வருகிறது. அந்த எண்ணெயை இறப்பர்க் குழாய் மூலம் வெளியே கொண்டுசென்று, பெட்டியிலோ வேறு கருவியிலோ உள்ள உருளையை இயக்குவதற்காகப் பின்புறத்திற் பொருத்தும் இணைப்புகளையே எண்ணெய் வாய்கள் என்கிறேன். கராஜில் உள்ளவர்கள் இதனை ஹைட்ரோலிக் இணைப்பு என்பார்கள்.

இதன் வலிமை சிறிதன்று. உட்குறுக்களவு 80 மில்லிமீற்றர் உள்ள ஓர் உருளையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்ரிமீற்றர். 150 பார் அமுக்கத்தில் எண்ணெய் அதனுட் புகுந்தால் பிறக்கும் விசை ஏழரைத் தொன்னுக்கும் மேலானது. அவ்வுருளை 60 சென்ரிமீற்றர் நீள்வதற்கு மூன்று லீற்றர் எண்ணெய் போதும். நிமிடத்துக்கு 20 லீற்றர் தரும் பம்பியாயின் ஒன்பது வினாடியில் வேலை முடிந்துவிடும். மூன்று ஆட்கள் அரை மணி நேரம் மண்வெட்டியால் இறக்கும் கிறவலை ஒரு நெம்பின் அசைவு இறக்கிவிடுகிறது. ஆசை எழுவதில் வியப்பில்லை.

எனினும் உருளைகளில் இரு வகை உண்டு என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவழி உருளை எண்ணெயால் ஏறும். இறங்குவதோ தன் பாரத்தால். மண் கொட்டும் டிப்பர்ப் பெட்டிகளிற் பெரும்பாலும் இருப்பது இதுவே. இதற்கு ஒரு குழாய் போதும். இருவழி உருளையோ போவதற்கும் மீள்வதற்கும் எண்ணெயின் தள்ளுதலை வேண்டுவது. அதற்கு ஒரு சோடி வாய்களும் தனி வால்வும் வேண்டும். எண்ணெயால் இருபக்கமும் புரளும் புரட்டுக் கலப்பைக்கு ஒரு சோடி தேவை. முன்புறத்தில் மண் அள்ளும் வாளி பூட்டுவோருக்கு, கரத்தைத் தூக்க ஒன்றும் வாளியைச் சாய்க்க ஒன்றுமாக இரு தொகுதிகள் வேண்டும். லேசர் ஒளியைக் கொண்டு வயலை மட்டப்படுத்தும் கருவிக்கு எண்ணெய் வரத்தும் தடையின்றித் திரும்பும் வழியும் வேண்டும்.

மறுபுறம், நம்மவர் அன்றாடம் பயன்படுத்தும் கொழுக்கலப்பைக்கு எதுவும் வேண்டியதில்லை. மூன்று கரங்கள் போதும். ரொட்டவேற்றருக்கு அக்கரங்களும் பின்புறச் சுழல் தண்டும் போதும். நெல் மூடை ஏற்றும் பெட்டிக்கும் வேண்டியதில்லை. மூடையைக் கவிழ்த்துக் கொட்டுவார் யாருமில்லை அல்லவா?

ஆகவே மருமகனை நான் கேட்ட முதற் கேள்வி: "தம்பி, எந்தக் கருவிக்காக இந்த வாய்கள்? உன்னிடம் உள்ள கருவிகளை ஒரு தாளில் எழுது. பக்கத்தில், ஆண்டுக்கு எத்தனை நாள் அதற்கு வேலை என்றும் எழுது."

அவன் எழுதினான். கொழுக்கலப்பை, ரொட்டவேற்றர், இரண்டாங் கையாக வாங்கவிருந்த ஒரு டிப்பர்ப் பெட்டி. ஊர் வீதிகளுக்கும் வாய்க்கால் அணைகளுக்கும் கிறவல் பறிக்கும் வேலை அவனுக்கு ஆண்டில் நாற்பது நாளேனும் கிடைக்கும். நான்காவதாக, கமக்காரர் அமைப்பு லேசர் மட்டக் கருவி ஒன்றை வாங்கக்கூடும் என்று எழுதினான். "வாங்கக்கூடும் என்பது கருவியன்று, பேச்சு. அதை வேறு பக்கத்தில் எழுது" என்றேன்.

இரண்டாவது கேள்வி: இயந்திரத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? இதை அறிய இருவரும் கடைக்கே போனோம். விற்பனையாளரை விட்டு, பின்னாலே வேலைசெய்து கொண்டிருந்த திருத்துநரிடம் கேட்டோம். அவர் இயந்திரத்தின் பின்புறத்தைத் துடைத்து, ஒரு திருகாணியைக் காட்டினார். தூக்கு கரத்தின் எண்ணெயை ஒருவழியாக வெளியே எடுப்பதற்கு அந்த இடம் இயந்திரத்தோடே வந்திருந்தது. ஒரு குழாயும் இணைப்பும் அடைப்பு வால்வும் வாங்கினால் டிப்பர்ப் பெட்டிக்குப் போதும். இப்படியான வசதி பல இயந்திரங்களில் உண்டு. எல்லாவற்றிலும் உண்டென்று எண்ணிவிடாதீர்கள். பார்த்தே அறிய வேண்டும். அதைப் பயன்படுத்தும் வேளையிற் கலப்பைக் கரங்களைத் தூக்க இயலாதிருக்கலாம். பெட்டி இழுக்கும்போது கலப்பைக்கு வேலையில்லை, ஆகையால் அது குறையாகாது.

மூன்றாவது கேள்வி: பின்னர் பொருத்த முடியுமா? முடியாதென்றால், இப்பொழுதே ஒரு சோடி போடுவது அறிவுடைமை. முடியுமென்றால், பொறுத்திருப்பதில் நட்டமில்லை. ஆனால் "முடியும்" என்ற வாய்ச்சொல் போதாது. 2022 ஆம் ஆண்டில் நாட்டிலே எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. ஆதலால், எந்தப் பாகம், அதன் இலக்கம் என்ன, பொருத்த எத்தனை நாள், பொருத்தினால் உத்தரவாதம் நீங்குமா என்பவற்றை விலைத் தாளிலேயே எழுதித் தரும்படி கேட்டோம். எழுதித் தந்தார்கள்.

இவ்வளவு கேள்வி எதற்கு, கையோடு பொருத்திவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படி நினைத்தவனே. என் இயந்திரத்திற்கு இரண்டு சோடி வாய்கள் வைத்தே வாங்கினேன். ஒரு சோடி ஒருநாளேனும் பயன்படவில்லை. மற்றச் சோடியில், அயலார் ஒருவரின் பழைய டிப்பர்ப் பெட்டியை இரவல் வாங்கிப் பூட்டினேன். சேற்றிலே இழுபட்ட குழாய் முனையைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கொழுவினேன். அந்தப் பெட்டியின் உருளையில் மழைநீர் கலந்த பழைய எண்ணெய் இருந்தது எனக்குத் தெரியாது. பல இயந்திரங்களிற் பற்சக்கரங்களை நனைப்பதும் கரத்தைத் தூக்குவதும் ஒரே எண்ணெய்தான். தடுப்புத் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகையாயின் அவற்றுக்கும் அதுவே. வாய் என்பது வெளியே கொடுப்பது மட்டுமன்று. உள்ளே ஏற்பதும் அதுவே. சில வாரங்களில் எண்ணெய் பால்போல வெளுத்தது. தூக்கிய கலப்பை தானாக இறங்கத் தொடங்கியது. பெரும்போக உழவு உச்சத்தில் இருந்தபொழுது ஒன்பது நாள் இயந்திரம் கராஜில் நின்றது. பம்பியின் செலவை எப்படியோ தாங்கினேன். எனக்காகக் காத்திருந்த வயற்காரர் வேறொருவரை அழைத்துக்கொண்டார்கள். அவர்களிற் சிலர் பின்னர் என்னிடம் வரவேயில்லை.

ஆகவே வாய்கள் வைப்பவர் அவற்றைக் காக்கவும் வேண்டும். தூசி மூடிகளைத் தொலைக்கலாகாது. கொழுவுமுன் இரு முனைகளையும் நன்கு துடைக்க வேண்டும். இரவற் பெட்டியாயின் அதன் எண்ணெயை முதலிற் பார்க்க வேண்டும். பெரிய டிப்பர் உருளை ஆறு, ஏழு லீற்றர் எண்ணெயைத் தன்னுள் இழுத்துக்கொள்ளக்கூடும். அத்தனையை வெளியே கொடுக்க உங்கள் இயந்திரத்துக்கு இயலுமா என்பதைக் கைநூலிற் பாருங்கள். உருளை முழுதும் நீண்ட பின்பும் நெம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது தவறு. பம்பியின் வலு முழுவதும் வெப்பமாகி எண்ணெயைக் கெடுக்கும்.

இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 150 பார் அமுக்கத்தில் ஊசித்துளையளவு வெடிப்பிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். புண் சிறிதாகத் தோன்றும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிடிற் கையையே இழக்க நேரும். கசிவை விரலால் தேடாதீர்கள். மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தூக்கி நிற்கும் பெட்டியின் கீழே, உறுதியான முட்டுக் கொடாமல், ஒருபோதும் நுழையாதீர்கள். ஒரு குழாய் வெடித்தால் அப்பெட்டி உங்களுக்காகக் காத்திராது. மேலே மின்கம்பி செல்லும் இடத்திலும், சரிந்த நிலத்திலும் பெட்டியை உயர்த்தாதீர்கள்.

மருமகன் செய்த முடிவைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு சோடி வாய்களை அவன் விட்டுவிட்டான். இயந்திரத்தில் இருந்த ஒருவழி இடத்துக்குக் குழாயும் இணைப்பும் வால்வும் மட்டும் வாங்கினான். லேசர் கருவி ஊருக்கு வந்து, அதனால் அவனுக்கு இத்தனை நாள் வேலை என்று தெரிந்தால், அன்று ஒரு சோடி பொருத்துவான். அதற்கான பாக இலக்கம் அவன் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது.

வாய்களே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அவனிடம் புரட்டுக் கலப்பை ஒன்று இருந்திருந்தால், அல்லது மண் அள்ளும் வேலைக்கு உறுதியான ஒப்பந்தம் இருந்திருந்தால், "இன்றே பொருத்து" என்றே சொல்லியிருப்பேன். வேலை கண்முன் நிற்கும்போது கருவியைக் குறைத்து வாங்குவதும் நட்டமே. ஒரே கேள்விக்கு இருவருக்கு இரு விடை பொருந்தும். உங்களுக்குரிய விடை விற்பனையாளரின் பேச்சிலோ அயலாரின் இயந்திரத்திலோ இல்லை. உங்கள் கருவிகளையும் வேலை நாட்களையும் எழுதிய அந்த ஒற்றைத் தாளிலே இருக்கிறது. தவணைப் பத்திரத்திற் கையொப்பம் இடுமுன் அந்தத் தாளை எழுதிவிடுங்கள்.

கடையிலிருந்து திரும்பும் வழியில் மருமகன் மிஞ்சிய தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தான். அடகுக்கென்று எடுத்துவைத்த நகைகளில் ஒரு சோடி காப்பு வீட்டிலேயே தங்கியது. பெரும்போக உழவு தொடங்கிய அன்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தேநீர் கொண்டுவந்த அவன் மனைவியின் கைகளில் அந்தக் காப்புகள் இருந்தன.