நோயாளியைக் காட்டிக்கொடுக்காத தாதி

(தாதியர் நாளையொட்டிப் பேராக் மாநிலத் தோட்டமொன்றின் பொது மண்டபத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் மே திங்கள் 12ஆம் நாள் அனைத்துலகத் தாதியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரக் காட்டில் உழைத்துக் களைத்து வந்திருக்கும் உங்களிடம் கடல் கடந்த நாட்டு வரலாற்றைக் கூற நான் விரும்பவில்லை. நாம் வாழும் இதே பேராக் மண்ணில், ஈப்போவுக்கு அண்மையிலுள்ள பப்பான் என்னும் சிற்றூரில் தொண்டாற்றிய தாதி ஒருவரைப் பற்றியே பேச வந்துள்ளேன். அவர்தாம் திருமதி சிபில் கார்த்திகேசு.

அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரில் ஒரு யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் ஒரு மருத்துவச்சி. தாயின் வழியே மகளும் சென்று, தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919ஆம் ஆண்டு கோலாலம்பூரில், இலங்கைத் தமிழ் வழிவந்த டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். தலைமகன் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துவிட்ட துயரத்தையும் தாங்கிக்கொண்டு, வளர்ப்பு மகன் ஒருவனையும் மகளிர் இருவரையும் வளர்த்து ஆளாக்க முனைந்தார். 1926ஆம் ஆண்டு முதல் கணவரும் மனைவியும் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தி வந்தனர். அம்மையார் கான்டனிஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். தம் மொழியிலேயே நோயைச் சொல்லி ஆறுதல் பெறக்கூடிய இடமாக அம்மருந்தகம் சீன மக்களுக்கு அமைந்தது.

அன்பர்களே! 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை பேராக்கினுள் புகுந்தது. ஈப்போ வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன், அக்குடும்பம் பப்பானுக்கு இடம்பெயர்ந்தது. மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீடு புதிய மருந்தகமாயிற்று.

ஜப்பான்காரன் காலம் என்றாலே நம் தோட்டத்து முதியோர் கண் கலங்குவர். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, உடுக்கச் சாக்குத்துணி, மருந்துக்கோ பெரும் பஞ்சம். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாதவர் நம்மவரிற் பல்லாயிரவர். அத்தகைய கொடிய நாள்களில், பப்பான் கடைவீட்டின் முன்கதவு ஏழை நோயாளிகளுக்குத் திறந்திருந்தது. இரவு வேளைகளிலோ, காட்டில் ஒளிந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த மக்கள் படையினர் காயங்களோடு இரகசியமாக வந்து சென்றனர். அவர்களுக்கும் அம்மையார் மருந்திட்டார். தடை செய்யப்பட்ட வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, இலண்டன் செய்திகளையும் கேட்டு நம்பிக்கையானவர்களிடம் கூறிவந்தார்.

1943ஆம் ஆண்டு இச்செயல்கள் வெளிப்பட்டன. கணவர், மகன், அம்மையார் என ஒருவர்பின் ஒருவராகக் கைதாயினர். கெம்பித்தாய் எனப்பட்ட இராணுவப் போலீசார் அம்மையாரை அடித்தனர். வாயில் நீரைப் புகட்டி வதைத்தனர். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “மருந்து வாங்கியவர் யார்? உதவியவர் யார்? பெயரைச் சொல்!” அம்மையார் சொல்லவில்லை. இறுதியில், பத்து வயதும் நிரம்பாத இளைய மகளைத் தாயின் கண்ணெதிரே மரத்திலே தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினர். அப்போதும் அவர் வாயிலிருந்து ஒரு பெயரும் வெளிவரவில்லை. அதிகாரி ஒருவர் குறுக்கிட்டதனால் குழந்தை உயிர் பிழைத்தாள்.

தாய்மார்களே! உங்கள் முகங்களிலே எழும் கேள்வி எனக்குத் தெரிகின்றது. “பெற்ற பிள்ளையை விடப் பெயர்களா பெரியவை? இவளும் ஒரு தாயா?” என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. எளிதாக விடை கூற எனக்கும் துணிவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று அவர் ஒரு பெயரைக் கூறியிருந்தால், அந்தப் பெயருக்குரியவரின் வீட்டிலும் ஒரு குழந்தை இருந்திருக்கும். ஒரு பெயரிலிருந்து மறு பெயராகப் பப்பான் முழுவதுமே அந்த மரத்தடிக்கு இழுத்து வரப்பட்டிருக்கும். தம் மகளின் மீது அன்பில்லாமையால் அவர் வாய் மூடவில்லை. பிறர் பிள்ளைகளின் உயிரும் தம் நாவின் நுனியில் இருந்ததை அறிந்தே வாய் மூடினார். அந்த நொடியில் அவருள்ளம் பட்ட பாட்டை அளக்க நம்மால் இயலாது. தீர்ப்புக் கூறவும் நமக்கு உரிமையில்லை.

1945ஆம் ஆண்டு ஜப்பான் சரணடைந்த பின்னரே பத்து காஜா சிறையிலிருந்து அவர் விடுதலை பெற்றார். அப்போது அவரால் எழுந்து நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவரது வீரத்திற்காக ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. படுக்கையிலிருந்தபடியே தம் வரலாற்றையும் எழுதி வைத்தார். அந்நூல் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆனால் பதக்கம் பட்ட புண்ணை ஆற்றவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் 48ஆம் வயதில், அவர் மறைந்தார். பேரப்பிள்ளைகள் சூழ முதுமை காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெருந்திரளான மக்கள் கூடி நிற்க அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு.

நண்பர்களே! இவ்வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் விட்டுக் கலைந்து செல்வதால் மட்டும் பயனில்லை. நமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. நோயாளியின் இரகசியத்தைக் காப்பதற்காக ஒரு தாதி தம் உடலையே கொடுத்தார். நாமோ, லயத்தில் ஒருவர் இருமினால், பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுவதும் கதை பரப்பி விடுகின்றோம். அந்த ஏச்சுக்கும் ஒதுக்கலுக்கும் அஞ்சியே, காசநோய் கண்டவர் பலர் மருத்துவமனைக்குச் செல்லாது நோயை மறைக்கின்றனர். காசநோய் குணமாகக் கூடியது. பெரும்பாலும் குறைந்தது ஆறு மாதம், ஒரு நாளும் விடாது மருந்துண்ண வேண்டும். மறைக்கும் நோயோ வீட்டிலுள்ள குழந்தைகளையும் பற்றிக்கொள்ளும்.

ஆகவே அண்டை வீட்டில் நோய் என்றால், கதை பேசாதீர்கள். துணையாகச் சென்று மருத்துவரைக் காணச் செய்யுங்கள். நம் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளையும், ஆயாக் கொட்டகையில் நம் பிள்ளைகளைத் தாலாட்டிய பாட்டிமார்களையும் நன்றியோடு நினையுங்கள். படிப்பில் ஆர்வமுள்ள பெண் பிள்ளைகளைப் பாதியிலே நிறுத்தாதீர்கள். அவர்களுள் ஒருத்தி நாளை வெள்ளுடை அணிந்து, ஏழை ஒருவரின் தலைமாட்டில் நிற்கக்கூடும்.

திருமதி கார்த்திகேசு தம்மிடம் வந்தவரை இனம் கேட்டுப் பிரிக்கவில்லை. வந்து சென்றவரைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. அந்தப் பண்பு நம் லயங்களிலும் வாழ்வதாக!