ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எந்த விளையாட்டு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் பற்றி எனக்கு முன்னால பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் பிள்ளைங்க விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கேன். என் பையனுக்கு 11 வயசு. அவனுக்கு ஆட்டிசம்னு எங்க குழுவுல எல்லாருக்கும் தெரியும். அவனை மாதிரி பிள்ளைங்க நம்ம மத்த குழுக்கள்லயும் இருக்காங்க. சில வீட்டுல வெளிய சொல்றதில்லை, அவ்வளவுதான்.

"விளையாட விடு, சரியாயிடுவான்"னு சொல்லுவாங்க. விளையாடினா போயிடுறதுக்கு ஆட்டிசம் காய்ச்சல் இல்லை. அது பிறவியிலேயே மூளை வேற விதமா வேலை செய்யுற தன்மை. ஆனாலும் விளையாட்டு வேணும். உடம்பு அசைஞ்சாத்தான் பசி எடுக்கும், ராத்திரி தூக்கம் வரும், படபடப்பு அடங்கும். பிள்ளை தூங்கினாத்தான் நாமளும் தூங்க முடியும்.

நம்ம ஊர்ல விளையாட்டுன்னா கிரிக்கெட், கபடி. கிரிக்கெட்ல பாதி நேரம் சும்மா நிக்கணும். தன் முறை எப்ப வரும்னு தெரியாது. அவுட்டா இல்லையான்னு ஒரே கூச்சல். கபடியில நாலு பேர் மேல விழுந்து பிடிப்பாங்க. சத்தமும் தொடுதலும் தாங்காத பிள்ளைக்கு இது தண்டனை. எல்லாப் பிள்ளையும் அப்படி இல்லை. இறுக்கிப் பிடிச்சா சந்தோஷப்படுற பிள்ளையும் உண்டு.

அதனால முதல்ல, சும்மா இருக்கிறப்ப பிள்ளை என்ன செய்யுதுன்னு ஒரு வாரம் பாருங்க. ஓடிக்கிட்டே இருந்தா ஓட்டம், சைக்கிள். குதிச்சுக்கிட்டே இருந்தா கயிறு தாண்டுறது. குச்சி எடுத்துச் சுழட்டிக்கிட்டே இருந்தா சிலம்பம் பழக்கிப் பாருங்க. ஒரே வீச்சு, ஒரே காலடி திரும்பத் திரும்ப வரும். நமக்குச் சலிச்சுப் போறது இவங்களுக்குத்தான் பிடிக்கும்.

என் பையனுக்குத் தண்ணி. வாளித் தண்ணியிலயே ஒரு மணி நேரம் கையை விட்டுக்கிட்டு இருப்பான். மும்பையில ஜியா ராய்னு ஒரு பிள்ளை. அப்பா கடற்படையில வேலை. ஆட்டிசம் உள்ள அந்தப் பிள்ளை 2022 மார்ச் 20-ஆம் தேதி, 13 வயசுல, இலங்கைத் தலைமன்னார்ல இருந்து நம்ம தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் 13 மணி 10 நிமிஷத்துல நீந்தி வந்திருக்கு. 2024-ல இங்கிலீஷ் கால்வாயையும் நீந்திக் கடந்துட்டா. நம்ம பிள்ளைங்க எல்லாம் கடலைத் தாண்டணும்னு நான் சொல்லலை. நீச்சல்ல ஏன் இவங்க தேறுறாங்கன்னு பாருங்க. யாருக்கும் பந்து போட வேண்டாம், யார் முகத்தையும் பார்த்துப் புரிஞ்சுக்க வேண்டாம். தண்ணி உடம்பு முழுக்க ஒரே மாதிரி அணைச்சுப் பிடிக்கும். தலை உள்ள போனா சத்தமும் குறைஞ்சிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. இதைச் சொல்லத்தான் முக்கியமா வந்தேன். இந்தப் பிள்ளைங்க பலருக்குத் தண்ணி மேல ஈர்ப்பு உண்டு, ஆபத்து தெரியாது, சொல்லாம வீட்டைவிட்டுப் போற பழக்கமும் உண்டு. நம்ம ஊரோ சுத்திலும் குளம், கால்வாய், கிணறு. சீசன் வந்தா அருவி. நாம மடியில பீடித் தட்டோட உட்கார்ந்திருக்கோம். தலையைக் குனிஞ்சு ஒரு கட்டு, 25 பீடி சுத்தி நிமிர்றதுக்குள்ள பிள்ளை வாசல் தாண்டியிருக்கும். அதனால இவங்களுக்கு நீச்சல் விளையாட்டுக்கு மட்டும் இல்லை, உயிருக்கும்தான்.

ஆனா பழக்குற இடம் அருவி இல்லை. குற்றாலத்துல கூட்டமும் இரைச்சலும் இவங்களைக் கலங்கடிச்சிடும். மேல மழை பெஞ்சா கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாது. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல 17 வயசுப் பையன் போனது நம்ம எல்லாருக்கும் தெரியும். நான் என் பையனைப் பழக்கினது பம்புசெட் தொட்டியில. அவன் இடுப்பளவு தண்ணி. தினமும் ஒரே நேரம், ஒரே துண்டு, ஒரே ஆள். முதல் வாரம் கால் மட்டும். அப்புறம் காலி எண்ணெய்க் கேனைப் பிடிச்சுக்கிட்டுக் கால் அடிக்கிறது. எப்ப முடியும்னு தெரியலைன்னா அழுவான். பீடிக் கட்டு எண்ணி எண்ணி அவனுக்கு 25 பழக்கம் (அவனை பீடியைத் தொட விடுறதில்லை, எண்ணுறது மட்டும்தான்). அதனால 25 தடவை கால் அடிச்சா ஏறிடலாம்னு வச்சேன். அன்னைக்கு இருந்து அழுகை இல்லை.

வலிப்பு உள்ள பிள்ளைன்னா டாக்டரைக் கேட்காமத் தண்ணியில இறக்காதீங்க. எந்தப் பிள்ளையா இருந்தாலும், நீச்சல் தெரிஞ்ச ஒரு ஆள் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். செல்போனை ஓரமா வச்சிடணும்.

எது பொருந்தும்னு பிடிபடலைன்னா கேட்க இடம் இருக்கு. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் பக்கத்துலதான். கடற்படைத் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ அசைவில்லாமப் போன ராமகிருஷ்ணன் ஐயா 1981-ல தொடங்கினது. சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசம் உண்டு; 30-ஆவது பிரிவே விளையாட்டுக்குத்தான். அடையாள அட்டை வாங்காதவங்க முதல்ல அதை வாங்குங்க.

கூட்டமைப்புகிட்ட நான் பணம் கேட்கலை, ஆள் கேட்கிறேன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம், ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர். ஒருத்தர் தண்ணியில, ஒருத்தர் கரையில. பெத்தவ மட்டும்தான் பார்க்கணும்னா அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு எல்லாம் நின்னு போயிடும். பொம்பளைப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, ஜியாவும் பொம்பளைப் பிள்ளைதான். பொருளாளர் அக்காகிட்ட ஒரு நோட்டு கொடுத்திருக்கேன். வர முடிஞ்சவங்க சாப்பிடப் போறதுக்கு முன்னால பேர் எழுதுங்க. நீச்சல் தெரிஞ்சவங்க பேருக்குக் கீழ ஒரு கோடு போட்டுடுங்க.