தவறான விடைக்கும் ஒரு காரணம் உண்டு
நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தல்

(நமது ஜமாஅத்தின் கல்விக் கூட்டத்தில், மாலை நேரப் பயிற்சி வகுப்பு ஆசிரியர்களின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

மதரஸாவின் மாடியில் நடைபெறும் மாலை நேர இலவசப் பயிற்சி வகுப்பைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு பத்தி இடம்பெறுவது வழக்கம். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர், எத்தனை நோட்டுகள் வழங்கப்பட்டன என்பதோடு அது முடிந்துவிடும். இவ்வாண்டு, கணிதம் கற்பிக்கும் பொறுப்பேற்ற நாங்கள், எவ்வாறு கற்பித்தோம் என்பதையும் எங்கே தவறினோம் என்பதையும் எடுத்துரைக்க விரும்பி அனுமதி கேட்டோம். அனுமதித்த நிர்வாகத்தினருக்கு எங்கள் நன்றி.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பற்றி மட்டுமே இங்குப் பேசுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் வகுப்பு வரை பெரும்பாலான கணக்குகளை விரல் விட்டு எண்ணியேனும் முடித்துவிடலாம். அதன்பின் நெடிய வகுத்தலும், பின்னமும், பெரிய எண்களும் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. விரல்கள் போதாமற்போகின்றன. அப்போது பிள்ளை அருகில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதப் பழகுகிறது. நாமும் நோட்டு நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறோம். 2024ஆம் ஆண்டு ஏசர் ஆய்வின்படி, இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பு பயில்வோருள் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேரே. இஃது ஓர் ஊரின் குறை அன்று. ஆயினும் நம் ஊரும் அதற்கு விலக்கன்று.

ஒரு மாணவியின் விடை

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்றே எழுதி வந்தாள். மேலே உள்ள எண்களைக் கூட்டி மேலேயும், கீழே உள்ளவற்றைக் கூட்டிக் கீழேயும் எழுதுவாள். நாங்கள் மூன்று வாரங்கள் சிவப்பு மையால் அடித்து, சரியான விடையை அருகில் எழுதிக் கொடுத்தோம். நான்காம் வாரமும் அதே விடைதான். அதற்குள் அவளுடைய தாயார் வந்து, "இவளுக்குக் கணக்கு வராதுங்க. வகுப்பிலிருந்து நிறுத்தித் தையலுக்கு அனுப்பிவிடுகிறோம்" என்றார்.

அன்றுதான் முதன்முறையாக அவளிடம், "இது எப்படி வந்தது என்று சொல்லம்மா" என்று கேட்டோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "முதல் தேர்வில் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி. அடுத்த தேர்வில் மூன்று கேள்விக்கு ஒன்று சரி. மொத்தம் ஐந்து கேள்விக்கு இரண்டு சரிதானே?"

சபையோரே, அவள் கூறியதில் பிழையில்லை. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை அது சரியான கணக்கே. ஆனால் ஒரே அளவுள்ள பொருளின் பங்குகளைக் கூட்டும்போது அது பொருந்தாது. அந்த வேறுபாட்டை அவளுக்கு எவரும் காட்டவில்லை, நாங்களும் காட்டவில்லை. அவளிடம் சிந்தனை இருந்தது. எங்களிடம் கேட்கும் பொறுமைதான் இல்லை.

பின்னர் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளைக் கொடுத்தோம். ஒன்றை இரண்டாகவும், மற்றொன்றை மூன்றாகவும், இன்னொன்றை ஆறாகவும் மடித்தாள். அரைப் பட்டையின் மீது ஆறில் மூன்று பொருந்துவதையும், மூன்றில் ஒன்றின் மீது ஆறில் இரண்டு பொருந்துவதையும் தானே கண்டாள். விடை ஆறில் ஐந்து. பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: "உன்னிடம் அரை இருந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். அரையைவிடக் குறையுமா?" ஐந்தில் இரண்டு, அரையைவிடச் சிறியது என்பதை அவளே உணர்ந்து சிரித்துவிட்டாள்.

நாங்கள் கைக்கொண்ட முறைகள்

முதலாவது, தவறான விடையை அடிக்கும் முன் காரணம் கேட்பது. 403இலிருந்து 167ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 364 என்று எழுதுவர். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள் என்பது உற்று நோக்கினால் விளங்கும். அது கவனக்குறைவு அன்று. தவறாகப் பதிந்த ஒரு விதி. முந்நூற்று ஏழை 3007 என எழுதுவதும் அவ்வாறே: முந்நூறையும் ஏழையும் காதில் கேட்டபடி அடுத்தடுத்து எழுதுகிறார்கள். காரணம் தெரிந்தால் மருந்து தெரியும்.

இரண்டாவது, பொருள், படம், எண் என்ற வரிசை. ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இம்மூன்று நிலைகளை விளக்கினார். சிங்கப்பூர் 1980களிலிருந்து தன் தொடக்கப் பள்ளிக் கணிதத்தை இவ்வடிப்படையில் அமைத்துக்கொண்டது. 403 ரூபாயிலிருந்து 167 ரூபாய் கொடுக்கும் கணக்கை விளையாட்டு நோட்டுகளால் செய்ய வைத்தோம். நான்கு நூறு ரூபாய்த் தாள்களும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களுமே கையில் உள்ளன. ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்ற வேண்டும். அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்ற வேண்டும். இப்போது 3 நூறுகள், 9 பத்துகள், 13 ஒன்றுகள். 167ஐக் கொடுத்தபின் மீதம் 236. 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லிக்கொடுப்பது உண்மையில் சில்லறை மாற்றுதலே என்பது அவர்களுக்குப் புரிந்தது. அதற்குப் பின்னரே நோட்டில் எழுதச் செய்தோம்.

மூன்றாவது, பெருக்கலைக் கட்டமாகக் காண்பது. வாய்ப்பாடு மனப்பாடம் ஆகவேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் பொருள் புரியாத வாய்ப்பாடு, நடுவில் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடும். ஏழெட்டு மறந்த பிள்ளைக்கு, ஏழு நான்கு 28, அதன் இருமடங்கு 56 என்ற வழியைக் காட்டலாம். 23ஐ 14ஆல் பெருக்க ஒரு செவ்வகம் வரைந்து, 20, 3 என ஒரு பக்கத்தையும் 10, 4 என மறு பக்கத்தையும் பிரித்தால் நான்கு அறைகள் கிடைக்கும். அவற்றில் 200, 30, 80, 12, கூட்டினால் 322.

நான்காவது, வாக்கியக் கணக்குகளில் ஒரு சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதிருத்தல். 'அதிகம்' என்றால் கூட்டு, 'குறைவு' என்றால் கழி என்று நம்மில் பலர் சொல்லிக்கொடுக்கிறோம். "அண்ணனிடம் 12 கோலிகள் உள்ளன. அவை தம்பியிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை?" என்று கேட்டால் அவ்விதி 17 என்ற தவறான விடையையே தரும். இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையச் செய்தால், தம்பியின் பட்டை சிறியது என்பது கண்ணுக்கே தெரியும். விடை 7.

ஐந்தாவது, கேள்வி கேட்டபின் காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று நொடிகளுக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன; வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். நாங்கள் மனத்திற்குள் ஐந்து வரை எண்ணப் பழகினோம். மேலும், கை தூக்கும் இருவரை மட்டும் கேட்பதை விடுத்து, எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் செய்தோம். யாருக்குப் புரியவில்லை என்பது அக்கணமே தெரிந்துவிடுகிறது.

பின்னம் நமக்குப் புதிதன்று

பின்னம் கடினம் என்று பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டாம். நம் கடைத்தெருவில் அரை, கால், முக்கால் என்பன அன்றாடச் சொற்கள். நம் முன்னோர் எட்டில் ஒன்றை அரைக்கால் என்றனர். காலில் பாதி என்று அப்பெயரே பொருள் சொல்லிவிடுகிறது. எட்டு பெரிய எண், ஆகவே எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்று எண்ணும் பிள்ளைக்கு இந்த ஒரு சொல் போதும். நம் மார்க்கத்தின் வாரிசுரிமைப் பங்குகளான அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய ஆறும் பின்னங்களே. ஜகாத் நாற்பதில் ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி எழுதிய, அல்ஜீப்ரா என்ற பெயருக்கே மூலமான நூலில், பாகப்பிரிவினைக் கணக்குகள் பெரும்பகுதியை நிரப்புகின்றன. குடும்பத்தில் சொத்துப் பிரியும் நாளில் தன் பங்கு எவ்வளவு என்பதைப் பிறரிடம் கேட்டு நிற்கும் நிலை நம் பெண்மக்களுக்கு வரலாகாது. அந்த மாணவியின் தாயாரிடம் இதைத்தான் சொன்னோம். தையலுக்கும் அளவும் பின்னமும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

அவள் வகுப்பில் தொடர்ந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு. முதலிடம் பெற்றுவிட்டாள் என்று மிகைப்படுத்த மாட்டோம். ஆனால் கரும்பலகை முன் வரத் தயங்குவதில்லை, தவறினால் "எங்கே தவறியது?" என்று அவளே கேட்கிறாள். அதே ஆண்டு, வகுத்தல் வராமல் ஒரு மாணவன் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டான். அவனிடம் காரணம் கேட்க நாங்கள் பிந்திவிட்டோம். இந்தக் குறையையும் இந்த அறிக்கையில் பதிவு செய்வதே நேர்மை.

எங்கள் வேண்டுகோள்

நிர்வாகத்தினருக்கு: நாங்கள் கோருவது பெருந்தொகை அன்று. சிலேட்டுகள், வண்ணக் காகிதங்கள், விளையாட்டு நோட்டுகள், வாரம் இரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இரண்டு இளைஞர்கள். பிள்ளைகள் பயிலும் பள்ளி ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துப் பேச ஏற்பாடு செய்தால், பள்ளியில் ஒருவிதமாகவும் இங்கே வேறுவிதமாகவும் கற்பித்துப் பிள்ளையைக் குழப்பாதிருக்கலாம்.

பெற்றோருக்கு: "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது" என்ற சொல்லை வீட்டில் சொல்லாதீர்கள். கடைக்குச் செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, கால் கிலோவின் விலையையும் மீதிச் சில்லறையையும் கேளுங்கள். விடை தவறானால் கோபிக்கும் முன், "எப்படி வந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வரும்வரை சற்றுக் காத்திருங்கள்.

வரும் கல்வியாண்டில், நின்றுபோன அந்த மாணவனின் வீட்டிற்கு முதலில் செல்வதாக முடிவு செய்திருக்கிறோம். எங்களுடன் வர விரும்புவோர் பெயர் தரலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டறிக்கையில் அவனைப் பற்றியும் நல்ல செய்தி எழுத துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.