நாளைக்கு வா!

நடுவர் அவர்களே! பேய்க்கதை பயத்தைத்தான் வளர்க்கும்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். 1990களில் பக்கத்துப் பெங்களூரில் ஒரு பேய் உலாவுதுன்னு பேச்சு. ராத்திரி கதவைத் தட்டும். அம்மா குரலில், அண்ணன் குரலில் கூப்பிடும். திறந்தால் உயிர் போச்சு! ஜனங்கள் என்ன செய்தார்கள்? கதவில் கன்னடத்தில் எழுதினார்கள்: 'நாளே பா'. நாளைக்கு வா! பேய் படித்துவிட்டுத் திரும்பிடும். மறுநாளும் அதே எழுத்து. கடன்காரருக்கு நாம சொல்ற பதில்தான்! (சிரிப்பு)

ஆனால் நம்ம ஓசூருக்கு இது வேடிக்கை இல்லீங்க. சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் முடித்து நள்ளிரவில் ஒரு பையன் வருகிறான். "அம்மா, கதவைத் திற" என்கிறான். உள்ளே தாய்க்கு அது மகன் குரலா, பேய்க் குரலா? பேய் வெறும் சாக்கு, ஐயா. சங்கதி தாயும் மகனும்தான். (கைதட்டல்)

இந்தியில் 2018-ல் 'ஸ்திரீ' படத்தில் அதே கதவு எழுத்து. அங்கே பயந்து நடுங்குவது ஆண்கள்! நம்ம புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் பேய் உண்டா, இல்லையா என்று கடைசிவரை சொல்லவே இல்லை. வாசகனே முடிவு செய்யட்டும் என்று விட்டார்.

அந்தத் தாய் கதவைத் திறந்தாளா? எதிரணி நண்பர் எழுந்து சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.